தோள் மூட்டு மாற்று அறுவை: வலியை மரக்கச் செய்யும் ஊசியும் பக்கத்தில் ஓடும் மூச்சு நரம்பும்

தோள் மூட்டை மாற்றும்போது மருத்துவர் பெரும்பாலும் முன்பக்கமாகத்தான் உள்ளே போகிறார். மார்புத் தசைக்கும் தோளைப் போர்த்தியிருக்கும் டெல்டாய்டு தசைக்கும் நடுவே வழி பிரித்து, மூட்டின் முன்சுவராக இருக்கும் சப்ஸ்கேபுலாரிஸ் தசையின் நாணை விடுவிக்கிறார். மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை ரம்பத்தால் அறுத்து எடுக்கிறார். எலும்பின் உட்குழாயைக் குடைந்து உலோகத் தண்டை இறக்குகிறார். எதிரே தோள்பட்டை எலும்பில் இருக்கும் கிண்ணத்தைச் செதுக்கிப் புதுப் பகுதியைப் பொருத்துகிறார். தோலும் தசையும் வெட்டுப்பட்ட வலி ஒரு பக்கம். எலும்பை இரண்டு இடத்தில் குடைந்த வலி இன்னொரு பக்கம். முதல் இரண்டு நாள்தான் இதன் உச்சம்.

இந்த வலியை மார்ஃபின் வகை மருந்துகளை மட்டும் வைத்து அடக்கப் பார்த்தால் வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், தூக்கக் கலக்கம், மூச்சு மந்தம் என்று வேறு தொல்லைகள் வரிசை கட்டும். இந்த அறுவைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள் என்பதால் அவை எளிதில் தள்ளிவிடக் கூடியவை அல்ல. அதனால்தான் தோளுக்குப் போகும் நரம்புகளைச் சுற்றி மரப்பு மருந்தைச் செலுத்தி, வலிச் செய்தி மூளைக்குப் போகாமல் வழியிலேயே நிறுத்துகிறார்கள். இதைத்தான் நரம்பு பிளாக் என்கிறோம்.

எந்த பிளாக் சிறந்தது என்று கேட்டால் மயக்கவியல் மருத்துவர் உடனே பதில் சொல்லமாட்டார். காரணம் கழுத்தின் உடற்கூறியலில் இருக்கிறது. தோளுக்கு உணர்வு தரும் நரம்பு வேர்களும், மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானத்தை இயக்கும் பிரெனிக் நரம்பும் கழுத்தில் ஒட்டிய வீட்டுக்காரர்கள். ஒருவர் வீட்டுக்குத் தெளித்த தண்ணீர் அடுத்த வீட்டு வாசலையும் நனைக்கும். கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் வந்த தோள் பிளாக்குகளில் பெரும்பாலானவை, அந்த ஒரு நரம்பைத் தொடாமல் தோளை மரக்க வைப்பது எப்படி என்ற கேள்விக்கான வெவ்வேறு பதில்கள்.

தோளுக்கு வரும் கம்பிகள்

கழுத்துத் தண்டுவடத்தின் 5, 6, 7, 8ஆம் நரம்பு வேர்களும், நெஞ்சுத் தண்டுவடத்தின் முதல் வேரும் சேர்ந்ததுதான் கை நரம்புப் பின்னல். 5ஆம் வேரும் 6ஆம் வேரும் கூடி மேல் தண்டு ஆகின்றன. 7ஆம் வேர் தனியே நடுத் தண்டு. 8ஆம் வேரும் நெஞ்சு முதல் வேரும் கீழ்த் தண்டு. தோள் மூட்டின் வேலை ஏறக்குறைய முழுக்க மேல் தண்டின் கையில் இருக்கிறது. அதிலிருந்து பிரியும் சுப்ராஸ்கேபுலர் நரம்பு தோள்பட்டை எலும்பின் மேல்விளிம்பில் உள்ள ஒரு பள்ளத்தின் வழியே பின்னால் போய் மூட்டுறையின் மேல், பின் பகுதிகளுக்கு உணர்வு தருகிறது. மூட்டின் உணர்வில் 70 சதவீதம் வரை இந்த நரம்புடையது என்று பாடநூல்கள் சொல்வது வழக்கம். மூட்டின் கீழ்ப்பகுதியையும் டெல்டாய்டு தசையையும் ஆக்சிலரி நரம்பு பார்த்துக்கொள்கிறது. முன்பக்கத்தில் சப்ஸ்கேபுலர் நரம்புகளும் வெளிப்பக்க பெக்டோரல் நரம்பும் பங்கு போடுகின்றன.

தோல் வேறு கணக்கு. காறை எலும்பின் மேலும் தோளின் உச்சியிலும் உள்ள தோலுக்கு உணர்வு தருபவை கழுத்தின் 3, 4ஆம் வேர்களிலிருந்து வருபவை. அவை கை நரம்புப் பின்னலைச் சேர்ந்தவையே அல்ல. அக்குள் பக்கத் தோலுக்கு நெஞ்சின் 2ஆம் வேர். வெட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து, மூட்டு முழுக்க மரத்திருந்தும் நோயாளி "மேலே மட்டும் எரிகிறது" என்று சொல்வதற்கு இதுதான் விளக்கம். கழுத்தின் மேலோட்டப் பின்னலுக்குத் தனியே 3 முதல் 5 மில்லி மருந்து கொடுத்தால் அந்த எரிச்சல் தீரும்.

பழைய முறை, இன்றைக்கும் அளவுகோல்

கழுத்தின் பக்கவாட்டில் முன் ஸ்கேலீன், நடு ஸ்கேலீன் என்று இரண்டு தசைகள் இருக்கின்றன. கை நரம்புப் பின்னலின் வேர்கள் இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகத்தான் வெளியே வருகின்றன. அந்த இடுக்கில் மருந்தைச் செலுத்துவது இன்டர்ஸ்கேலீன் பிளாக். இன்றைக்கு நாம் செய்யும் வடிவத்துக்கு அடித்தளமான விவரிப்பு 1970இல் வந்தது. அப்போது விரலால் தடவி இடுக்கைக் கண்டுபிடித்து, ஊசி நரம்பைத் தொட்டதும் கையில் மின்னல் பாய்வதுபோல் இருக்கிறதா என்று நோயாளியைக் கேட்டே செய்தார்கள். பிறகு நரம்பைத் தூண்டித் தசை துடிப்பதைப் பார்க்கும் கருவி வந்தது. இப்போது அல்ட்ராசவுண்ட்.

செய்முறை கேட்பதற்கு எளிது. நோயாளி விழித்திருக்க, தேவைப்பட்டால் பதற்றம் தணிக்கும் மிடாசோலம் 1 அல்லது 2 மில்லிகிராம் கொடுத்து, தலையை எதிர்ப்பக்கம் திருப்பி வைக்கிறார்கள். எந்தப் பக்கம் என்பதை ஊசி எடுக்கும் முன் இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். இடது தோளுக்கு வலது கழுத்தில் ஊசி போட்ட கதைகள் மருத்துவ உலகில் கற்பனை அல்ல. அல்ட்ராசவுண்டின் உயர் அலைவரிசை நேர்கோட்டு ப்ரோபை முதலில் காறை எலும்புக்கு மேலே வைத்து, துடிக்கும் சப்கிளேவியன் தமனியைக் கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் திராட்சைக் கொத்துபோல் தெரியும் நரம்புகளைப் பின்தொடர்ந்து மேலே வந்தால், இரண்டு தசைகளுக்கு நடுவே மூன்று கறுப்பு வட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரியும். போக்குவரத்து விளக்கின் மூன்று வட்டங்களைப்போல என்று மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. அதில் ஓர் எச்சரிக்கை: மூன்று வட்டங்களும் 5, 6, 7 என்று எப்போதும் எண்ணிவிட முடியாது. 6ஆம் வேர் பல பேருக்கு இரண்டாகப் பிரிந்து இரண்டு வட்டமாகத் தெரியும். அந்த இரண்டுக்கும் நடுவே ஊசியைச் செலுத்துகிறவர், நரம்பின் உள்ளேயே செலுத்துகிறார்.

5 சென்டிமீட்டர் நீளமுள்ள, மழுங்கிய முனை கொண்ட ஊசி, வெளிப்பக்கமிருந்து நடு ஸ்கேலீன் தசையைத் துளைத்து இடுக்கை அடைகிறது. ஒவ்வொரு 3 முதல் 5 மில்லிக்கும் ஒருமுறை பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்த்து, 0.5 சதவீத ரோபிவகேய்ன் அல்லது புபிவகேய்ன் என்ற மரப்பு மருந்தை 10 முதல் 15 மில்லி வரை கொடுப்பார்கள். தள்ளும்போது எதிர்ப்பு கூடினால், அல்லது நோயாளிக்குக் கையில் சுள்ளென்று வலித்தால், உடனே நிறுத்தி ஊசியை விலக்க வேண்டும். 15 முதல் 30 நிமிடத்தில் தோளைத் தூக்க முடியாமல் போகும். அதுதான் பிளாக் பிடித்ததற்கான முதல் சான்று. தோல் மரத்துப்போவது அதன் பின்னால்தான் தெளிவாகத் தெரியும்.

மூட்டு, மேற்கை எலும்பு, முன்பக்கத் தசைகள் எல்லாவற்றையும் ஒரே ஊசியில் மரக்கச் செய்வதால் இதுவே இன்னும் அளவுகோலாக நிற்கிறது. சுண்டு விரல் பக்கம் மட்டும் பெரும்பாலும் மரக்காது. கீழ்த் தண்டுவரை மருந்து இறங்குவதில்லை. தோள் அறுவைக்கு அது ஒரு குறையே இல்லை.

விலை மூச்சில் கட்டப்படுகிறது. பிரெனிக் நரம்பு முன் ஸ்கேலீன் தசையின் முன்பரப்பில் சாய்வாக இறங்குகிறது. குரல்வளையின் கிரிகாய்டு குருத்தெலும்பு மட்டத்தில் அதற்கும் 5ஆம் வேருக்கும் உள்ள தூரம் சராசரியாக 2 மில்லிமீட்டர்கூட இல்லை என்று அல்ட்ராசவுண்ட் ஆய்வு காட்டியது. ஒவ்வொரு சென்டிமீட்டர் கீழே இறங்கும்போதும் இந்த இடைவெளி சுமார் 3 மில்லிமீட்டர் கூடுகிறது. இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் மீதிக் கட்டுரை தானாகவே புரியும்.

1990களின் தொடக்கத்தில், 34 மில்லிக்கும் மேல் மருந்து கொடுத்த காலத்தில், இன்டர்ஸ்கேலீன் பிளாக் போட்ட ஒவ்வொருவருக்கும் அந்தப் பக்க உதரவிதானம் செயலிழந்தது. ஒருவர் முழுமூச்சு இழுத்து வெளியே விடும் காற்றின் அளவு நாலில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைந்தது. அல்ட்ராசவுண்ட் வந்த பிறகு அளவைக் குறைத்துப் பார்த்தார்கள். 2008இல் வந்த ஓர் ஆய்வில் 20 மில்லி கொடுத்தவர்கள் அனைவருக்கும் உதரவிதானம் பாதிக்கப்பட்டது. 5 மில்லி கொடுத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குப் பாதிக்கப்பட்டது. ஆக, அளவைக் கால்வாசியாக்கியும் சிக்கல் பாதிக்குச் சற்று மேல்தான் குறைந்தது. இடத்தை மாற்றாமல் அளவை மட்டும் மாற்றுவதில் கிடைக்கும் லாபத்துக்கு இதுதான் எல்லை.

நல்ல நுரையீரல் உள்ள ஒருவருக்கு ஒரு பக்க உதரவிதானம் ஒரு நாள் தூங்கினால் பெரும்பாலும் தெரியவே தெரியாது; சிலர் "ஆழமாக மூச்சு இழுக்க வரவில்லை" என்பார்கள், தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைத்தால் அடங்கும். கடுமையான நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர், ஏற்கெனவே எதிர்ப்பக்க உதரவிதானம் செயலிழந்தவர், எதிர்ப்பக்க நுரையீரலை அகற்றியவர் ஆகியோருக்கு அதே நிலை மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். எதிர்ப்பக்கக் குரல்நாண் செயலிழந்தவருக்கும் இந்த பிளாக் ஆகாது: இந்தப் பக்கக் குரல்நாணுக்குப் போகும் நரம்பும் மரத்தால் மூச்சுப்பாதையே அடைபடலாம். அதிக உடல் பருமனும் தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறும் சேர்ந்து இருப்பவர் நடுவில் நிற்கிறார்; அங்கே மருத்துவரின் தீர்ப்புதான் பேசும். நம் பார்வையில், அப்படிப்பட்டவருக்கு மூச்சைக் காக்கும் பிளாக்கைத் தேர்ந்துவிட்டு வலி கொஞ்சம் மிச்சமிருந்தால் மாத்திரையால் சமாளிப்பது, தலைகீழாகச் செய்வதைவிட நல்லது.

கீழே இறங்கிப் பார்த்தால்

5ஆம், 6ஆம் வேர்கள் கூடி மேல் தண்டாகும் இடம் இன்டர்ஸ்கேலீன் இடத்தைவிடக் கீழே இருக்கிறது. அங்கே பிரெனிக் நரம்பு விலகிப் போயிருக்கும். சுப்ராஸ்கேபுலர் நரம்போ இன்னும் பிரிந்திருக்காது. அந்தக் குறுகிய சந்தியில் மேல் தண்டைச் சுற்றி மருந்து கொடுப்பதே மேல் தண்டு பிளாக். 2019இல் வெளியான சீரற்ற ஒப்பீட்டு ஆய்வில் 0.5 சதவீத புபிவகேய்ன் 15 மில்லியை இரு இடங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். இன்டர்ஸ்கேலீன் பிரிவில் 71 சதவீதம் பேருக்கு உதரவிதானம் செயலிழந்தது. மேல் தண்டு பிரிவில் சுமார் 5 சதவீதம் பேருக்கு மட்டுமே. வலி அடங்கியதில் பெரிய வித்தியாசம் இல்லை.

தோள் மூட்டு மாற்றுக்கு இது பொருந்துவதற்கு இன்னொரு காரணம் உண்டு. சுப்ராஸ்கேபுலர், ஆக்சிலரி, சப்ஸ்கேபுலர், வெளிப்பக்க பெக்டோரல் ஆகிய நரம்புகளுக்கு இழைகள் வருவது முதன்மையாக இந்தத் தண்டு வழியாகத்தான். முன்பக்கமாக வெட்டினாலும் பின்பக்கமாகக் குடைந்தாலும் வலிச்செய்தி இந்த வாயிலைக் கடந்தாக வேண்டும். கையின் பலமும் ஓரளவு மிச்சமிருக்கும். தடுமாற்றம் எங்கே வருகிறது என்றால், சிலருக்கு ஒரு சிறு தமனி தண்டுகளின் குறுக்கே ஓடும். இரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் டாப்ளரை இயக்கிப் பார்க்காமல் ஊசியைச் செலுத்தினால் அதைக் குத்த நேரிடும். மருந்து 20 மில்லியைத் தாண்டினால் மேலேறிப் பிரெனிக்கையும் பிடிக்கும். கீழே இறங்கிய பலன் அங்கே வீணாகிறது.

இன்னும் ஒரு படி தள்ளிப் போனால் நரம்புகளைத் தனித்தனியே பிடிக்கலாம். சுப்ராஸ்கேபுலர் நரம்பைப் பின்னாலிருந்து, நோயாளியை உட்கார வைத்து, தோள்பட்டை எலும்பின் மேல் பள்ளத்தில் எலும்பை ஒட்டி 10 மில்லி கொடுத்து மரக்க வைப்பது ஒரு வழி. பிரெனிக் நரம்புக்கு ஆபத்தே இல்லாத இடம் அது. ஆக்சிலரி நரம்பை மேற்கையின் பின்புறம், அந்த நரம்போடு சேர்ந்து ஓடும் சிறு தமனியின் துடிப்பை அடையாளம் வைத்து, 5 முதல் 10 மில்லியில் பிடிக்கலாம். இரண்டையும் சேர்த்துச் செய்வது நுண்துளை அறுவைகளில் நன்றாகக் கைகொடுக்கிறது. மூட்டு மாற்றில் அதே நம்பிக்கையை வைக்க முடியாது. முன்பக்கத்து சப்ஸ்கேபுலாரிஸ் தசையும் அதைச் சுற்றிய மூட்டுறையும் இந்த இரண்டு நரம்புகளின் எல்லைக்கு வெளியே இருப்பதால், வெட்டுப்பட்ட இடமே மரக்காமல் போகும். மூச்சு மிக மோசமாக இருந்து வேறு வழியில்லாதபோது, அறுவை மருத்துவர் முன்பக்கத் திசுக்களில் மரப்பு மருந்தைத் தானே ஊடுருவச் செய்து இதோடு சேர்த்துக்கொள்வது நல்ல சமரசம்.

சுப்ராஸ்கேபுலர் நரம்பை முன்னாலிருந்து, ஓமோஹயாய்டு தசையின் அடியில் பிடிக்கவும் முடியும். மேல் தண்டிலிருந்து அது கிளை பிரிந்த உடனேயே என்பதால் 5 மில்லியே போதும். அதற்கு மேல் கொடுத்தால் மருந்து தண்டுவரை பின்னோக்கிப் பரவும். பிறகு அதைத் தனி நரம்பு பிளாக் என்று சொல்வதில் பொருளில்லை.

காறை எலும்புக்குக் கீழே மூன்று நரம்புக் கற்றைகளும் ஒரே கொத்தாக இருக்கும் இடத்தில் 20 மில்லி கொடுக்கும் காஸ்டோகிளாவிகுலர் பிளாக்கும் ஒரு மாற்று. நுண்துளை தோள் அறுவைகளில் இதை இன்டர்ஸ்கேலீனோடு ஒப்பிட்டபோது உதரவிதானம் யாருக்கும் செயலிழக்கவில்லை. கை முழுக்கத் துவண்டு போகும் என்பதும், நுரையீரலின் உறை அருகிலேயே இருக்கிறது என்பதும் குறைகள். முதுகுத் தசைகளுக்கு அடியில் போடும் எரெக்டர் ஸ்பைனே தள பிளாக்கையும் தோளுக்கு முயன்று பார்க்கிறார்கள். மருந்து கழுத்து வேர்வரை எவ்வளவு ஏறும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால் மூட்டு மாற்றுக்கு அதை மட்டும் நம்பி இருப்பது சூதாட்டம்.

முதல் இரவா, மூன்றாம் நாளா

எந்த இடத்தில் போட்டாலும் ஒரே தடவை போடும் ஊசி 10 முதல் 18 மணி நேரத்தில் தேய்ந்துவிடும். காலை பத்து மணிக்கு அறுவை என்றால் நள்ளிரவுக்குப் பிறகு, தூக்கத்தின் நடுவே, எதுவும் இல்லாத இடத்திலிருந்து வலி திடீரென்று எழும். அதுவரை வலியே தெரியாததால் நோயாளி மாத்திரையைத் தொட்டிருக்கமாட்டார். எழுந்து மாத்திரை போட்டு அது வேலை செய்ய ஒரு மணி நேரம் ஆகும்போது வலி எல்லை மீறிவிடுகிறது. இதற்கு எதிர்விளைவு வலி என்று பெயர். பிளாக் போட்டவர்களின் குறைகளில் இதுதான் அதிகம் கேட்பது, தவிர்க்கவும் எளிதானது.

டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டை 4 முதல் 8 மில்லிகிராம், நரம்பருகே அல்ல, சிரைவழியாகக் கொடுத்தாலே பிளாக் பல மணி நேரம் நீள்கிறது; வாந்தியும் குறைகிறது. நரம்பைச் சுற்றிக் கொடுக்கும் கலவையில் சேர்ப்பவர்களும் உண்டு, ஆனால் அந்த வழிக்கு மருந்தின் உரிமத்தில் ஒப்புதல் கிடையாது. சர்க்கரை நோயாளிக்கு இரண்டு நாள் சர்க்கரை அளவு ஏறும்; அதைத் திட்டமிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதைவிட நீண்ட ஓட்டத்துக்கு, நரம்பின் அருகே மெல்லிய குழாயை நிறுத்தி வைத்து 0.2 சதவீத ரோபிவகேய்னை மணிக்கு 4 முதல் 8 மில்லி வீதம் விடுவது வழக்கம். ரப்பர் பந்துபோல் சுருங்கி மருந்தை வெளியே தள்ளும் பம்புகள் இதற்கு வந்திருக்கின்றன. 300 மில்லி பந்தை மணிக்கு 5 மில்லி என்று வைத்தால் 60 மணி நேரம் ஓடும். உச்ச வலிக்காலம் முழுக்க அதற்குள் அடங்கிவிடும். குழாய் வைப்பதை விரும்புபவர்கள் சொல்லாமல் விடும் சங்கதி ஒன்று: கழுத்துத் தோல் நகர்ந்துகொண்டே இருக்கும், குழாய் சில மில்லிமீட்டர் விலகினாலும் பலன் போய்விடும். ஓட்டையைச் சுற்றி மருந்து கசிவது இன்னொரு தொல்லை. தோல் பசை போட்டு ஒட்டினால் குறையும். பம்பின் ஓட்டத்தை அளந்துவிடும் பகுதி உடல் வெப்பத்தில் இருக்கும்படி தோலோடு ஒட்டப்பட்டிருக்கும். அதைப் பிய்த்துச் சட்டைக்கு வெளியே தொங்கவிட்டால் ஓட்டம் மாறும். இன்டர்ஸ்கேலீன் இடத்தில் குழாய் வைத்தால் உதரவிதானமும் இரண்டு மூன்று நாள் மந்தமாகவே இருக்கும் என்பதை மறந்து, மூச்சு நலமில்லாதவரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது.

கொழுப்புக் குமிழிகளுக்குள் புபிவகேய்னை அடைத்து மெல்ல வெளிவரச் செய்யும் மருந்தும் உண்டு. அமெரிக்காவில் அதை அறுவைக் காயத்தில் ஊடுருவச் செலுத்த 2011இலும், இன்டர்ஸ்கேலீன் பிளாக்குக்கு 2018இலும் ஒப்புதல் கிடைத்தது. காகிதத்தில் மூன்று நாள் என்கிறது. சாதாரண புபிவகேய்னோடு நேருக்கு நேர் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், நோயாளி உணரக்கூடிய அளவுக்கு லாபம் இல்லை என்ற முடிவுக்கே வந்தார்கள். விலையையும் கணக்கில் எடுத்தால், டெக்ஸாமெதசோனோடு சாதாரண மருந்தே போதும் என்று சொல்வதில் தயக்கமில்லை. இதைப் பயன்படுத்தினால் 96 மணி நேரத்துக்கு வேறு வடிவ புபிவகேய்ன் கொடுக்கக்கூடாது என்பது மருந்தின் உறையிலேயே இருக்கும் எச்சரிக்கை.

மூட்டுக்குள்ளேயே குழாயை வைத்து மரப்பு மருந்தை நாள்கணக்கில் சொட்டவிடும் பழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. தோளின் குருத்தெலும்பு கரைந்துபோன நோயாளிகள் தொடர்ந்து பதிவாக, 2009இல் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்தது. மாற்று மூட்டில் கரையக் குருத்தெலும்பே இல்லை என்றாலும், கிருமித் தொற்றின் பயம் ஒன்றே அந்த வழியை அடைக்கப் போதுமானது.

எங்கே சறுக்கும்

மருந்தின் மொத்த அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ரோபிவகேய்ன் கிலோவுக்கு 3 மில்லிகிராம் என்று வைத்தால் 180 மில்லிகிராம். 0.5 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் இருப்பதால், 36 மில்லிதான் எல்லை. புபிவகேய்னுக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று எடுத்தால் 24 மில்லி. இந்த புபிவகேய்னையே பிளாக்குக்கு 15 மில்லி போட்ட பிறகு அறுவை மருத்துவர் காயத்தில் 20 மில்லி ஊடுருவச் செய்தால் எல்லை தாண்டியாகிவிட்டது. இரண்டு பேரும் தனித்தனியே சரியான அளவு கொடுத்தவர்கள்தான். கூட்டிப் பார்க்க யாரும் இல்லாததுதான் கோளாறு. வெள்ளைப் பலகையில் மொத்த மில்லிகிராமை எழுதி வைக்கும் அறுவை அரங்குகளில் இது நடப்பதில்லை.

அளவு மீறினாலோ, ஊசி இரத்தக்குழாய்க்குள் போனாலோ வாயைச் சுற்றி மரத்துப்போதல், நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பதற்றம், வலிப்பு, இதயத் துடிப்பு குலைவு என்று படிப்படியாகவோ ஒரேயடியாகவோ வரும். முறிமருந்து 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு: எடை 70 கிலோவுக்குக் குறைவென்றால் கிலோவுக்கு 1.5 மில்லி, அதற்கு மேலென்றால் 100 மில்லி, இரண்டு மூன்று நிமிடத்தில் சிரைவழியாக, தொடர்ந்து சொட்டாக. 2006இல் இந்தக் குழம்பால் உயிர் மீட்கப்பட்ட முதல் நோயாளியாகப் பதிவானவர் தோள் அறுவைக்கு இன்டர்ஸ்கேலீன் பிளாக் போட்டவர்தான். பிளாக் போடும் அறையில் அந்தப் பாட்டில் எங்கே இருக்கிறது என்று தெரியாத மருத்துவர் ஊசியை எடுக்கக்கூடாது.

கழுத்தில் போட்டதும் அந்தப் பக்கக் கண்ணிமை சரிந்து, கருவிழிப் பாவை சுருங்கி, குரல் கரகரப்பதைப் பார்த்து உறவினர்கள் பக்கவாதம் என்று பதறுவார்கள். பக்கத்து நரம்புகளுக்கு மருந்து கசிந்ததன் விளைவு அது. பிளாக் தேயும்போது தானே போய்விடும். முன்பே ஒரு வரி சொல்லிவைத்தால் அந்தப் பதற்றம் மிச்சம். ஆனால் பேச்சு குழறுதல், முகம் கோணுதல், எதிர்ப்பக்கக் கை கால் விழுதல் இருந்தால் அது பிளாக்கின் கணக்கில் வராது.

சாய்வு நாற்காலிபோல் நோயாளியை உட்கார வைத்துச் செய்யும் அறுவை இது. இரத்த அழுத்தப் பட்டை கையில் இருக்கும். மூளையோ அதைவிட 20, 25 சென்டிமீட்டர் உயரத்தில். 25 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் பாதரசம் கழிக்க வேண்டும். மானிட்டரில் சராசரி அழுத்தம் 65 என்றால் மூளைக்குக் கிடைப்பது 46. பட்டையைக் காலில் கட்டியிருந்தால் வித்தியாசம் இன்னும் மோசம். பிளாக்கால் வலி தெரியாமல் அழுத்தம் தணிந்தே இருக்கும் நேரத்தில் இந்தக் கழித்தலைச் செய்ய மறப்பது ஆபத்தானது.

நரம்புக் காயத்தைப் பற்றித்தான் நோயாளிகள் அதிகம் கேட்கிறார்கள். பிளாக்குக்குப் பின் சில நாள் கூச்சமும் மதமதப்பும் பலருக்கு வரும், வாரங்களில் மறையும். மாதக்கணக்கில் நீடிப்பது 10,000 பேரில் 2 முதல் 4 பேருக்கு என்ற அளவில்தான் இருக்கிறது. வெளிப்பக்கமிருந்து நடு ஸ்கேலீன் தசையைத் துளைக்கும்போது அதனுள்ளே ஓடும் இரண்டு நரம்புகளை ஊசி குத்தலாம். அதில் ஒன்று பாதிக்கப்பட்டால் தோள்பட்டை எலும்பு இறக்கைபோல் பின்னால் துருத்தும். மூட்டு மாற்று அறுவையே, குறிப்பாகப் பந்தும் கிண்ணமும் இடம் மாறிப் பொருத்தப்பட்டுக் கையை நீளமாக்கும் தலைகீழ் வகை, ஆக்சிலரி நரம்பை இழுத்துக் காயப்படுத்துவது பிளாக்கின் காயத்தைவிட அதிகம். அதனால்தான் அறுவை மருத்துவர் சிலர், நோயாளி எழுந்து தோளைத் தூக்கிக் காட்டிய பிறகே பிளாக் போடச் சொல்வார்கள். முன்கூட்டியே போடுவதால் மயக்க மருந்து குறைவாகப் போதும் என்பது எதிர்வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. முன்கூட்டியே போடுவதானால் அறுவைக்கு முன் டெல்டாய்டின் வலிமையும் தோளின் வெளிப்பக்கத் தோல் உணர்வும் எப்படி இருந்தன என்று கோப்பில் எழுதிவைப்பது குறைந்தபட்சக் கடமை.

வீட்டில் அந்த ஒரு நாள்

மரத்த கை தனக்குச் சொந்தமில்லாததுபோல் தொங்கும். தொங்குபட்டை கழற்றாமல் இருக்க வேண்டும். முழங்கையின் உள்பக்கமும் மணிக்கட்டும் ஏதாவது விளிம்பில் அழுந்துகிறதா என்று மற்றவர் கண்ணால் பார்க்க வேண்டும், கை சொல்லாது. சூடான பாத்திரம், சூடான ஒத்தடம் எதையும் அந்தக் கையில் படவிடக்கூடாது. ஐஸ் ஒத்தடமும் நேரடியாகத் தோலில் வைக்காமல் துணி சுற்றி, ஒருமுறைக்கு 20 நிமிடத்தோடு நிறுத்தவேண்டும். மரத்த தோல் வெந்தாலும் உறைந்தாலும் குரல் கொடுக்காது. தலையணைகளை அடுக்கி, சாய்ந்த நிலையில் தூங்கினால் மூச்சுக்கும் தோளுக்கும் இரண்டுக்கும் நல்லது.

மாத்திரைகளை வலி வரும்வரை காத்திருந்து போடக்கூடாது. பாரசிட்டமால் 1 கிராம் ஆறு மணிக்கொரு முறை, நாளில் 4 கிராமைத் தாண்டாமல். கல்லீரல் நோய், மது, மெலிந்த உடல் இருந்தால் அளவை மருத்துவர் குறைப்பார். சிறுநீரகமும் வயிறும் அனுமதித்தால் அதோடு ஓர் அழற்சி எதிர்ப்பு மாத்திரை. இவை பிளாக் இருக்கும்போதே தொடங்கி கடிகாரம் பார்த்து ஓட வேண்டும். ஓபியாய்டு (மார்ஃபின் வகை) மாத்திரையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருந்து, விரல்களில் முள் குத்துவதுபோல் கூச்சம் திரும்பத் தொடங்கும்போதே முதல் மாத்திரையைப் போடலாம். பிளாக் தேயும் மணியடிதான் அந்தக் கூச்சம். மூச்சு மந்தம் உள்ளவருக்கு ஓபியாய்டை மருத்துவர் சொன்ன அளவுக்குமேல் ஒரு மாத்திரைகூடக் கூட்டக்கூடாது.

மூச்சு வாங்குதல் உட்கார்ந்தும் தணியாமல் போனால், உதடு நீலம் பாய்ந்தால், நெஞ்சு வலித்தால் நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரே தடவை ஊசி போட்டு 48 மணி நேரம் கழிந்தும் கை அசையாமலோ மரப்பு குறையாமலோ இருந்தாலும் அதே. குழாய் வைத்தவர் என்றால் ஊசி போட்ட நேரம், மருந்தின் பெயர், சதவீதம், குழாயை எடுக்க வேண்டிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதித் தொங்குபட்டையோடு கட்டிவிடச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியை எடுக்கும் மருத்துவர் முதலில் கேட்கப் போவது அந்த நான்கு விவரங்களைத்தான்.